பூகம்பம் கையெழுத்துப் போடாது

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கென்று ஒரு விருந்தோம்பல் வழித்தடம் உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் காலையில் கோல்டன் கேட் பாலம், மதியம் லொம்பார்ட் தெருவின் வளைவுகள், மாலையில் ஃபெர்ரி பில்டிங். அங்கே ஒரு காபி வாங்கிக் கொடுத்து, வளைகுடாவைப் பார்த்தபடி நடக்கவிட்டு, கூடவே ஒரு கதையும் சொல்வோம். "இங்க முன்னாடி ரெண்டு மாடிப் பாலம் ஒண்ணு இருந்துச்சு. 89 பூகம்பத்துல விழுந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த இடம் இவ்ளோ அழகாச்சு." வந்தவர் "அப்படியா!" என்பார். கடிகாரக் கோபுரத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்வார்.

பல வருஷமாக இந்தக் கதையைச் சொன்னவன் நான். போன கோடையில் என் தாய்மாமா வந்தபோதும் சொன்னேன். அவர் நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் ரோட்டைப் பார்ப்பவர்.

"விழுந்துச்சா, விரிசல் விட்டுச்சா மாப்ளே?"

"விழுந்துச்சுன்னுதான் மாமா எல்லாரும் சொல்றாங்க."

"ரெண்டு மாடி விழுந்துச்சுன்னா கீழ போன வண்டியெல்லாம் அப்பளமாயிருக்குமே. எத்தனை பேரு போயிட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை.

"அப்ப அது விழல. யாரோ இடிச்சிருக்கான். எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, ஃபைல்ல கையெழுத்துப் போட்டுத்தான் இடிச்சிருப்பான். பூகம்பம் கையெழுத்துப் போடாது, தெரியும்ல?"

அன்றிரவே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மாமா சொன்னதுதான் சரி. நாங்கள் சொல்லிவந்தது பொய். வெறும் தகவல் பிழையாக இருந்தால் திருத்திக்கொண்டு போய்விடலாம். ஆனால் இந்தப் பொய்யைச் சுற்றுலா வழிகாட்டி சொல்கிறார், டாக்ஸிக்காரர் சொல்கிறார், நகர வடிவமைப்பு பற்றிப் பேசும் புத்திசாலிகளும் சுருக்கமாக இதையேதான் சொல்கிறார்கள். இத்தனை பேருக்குச் சௌகரியமாக இருக்கும் பொய்யில் யாருக்கோ ஆதாயம் இருக்கத்தான் செய்யும்.

*

முதலில் அந்தச் சாலையைப் பார்த்துவிடலாம். அதன் பெயர் எம்பார்கடெரோ ஃப்ரீவே. கடைசிக் காலத்தில் அது கலிஃபோர்னியாவின் மாநில நெடுஞ்சாலை எண் 480. பிறந்தபோது அது மாநிலச் சாலைகூட இல்லை, இன்டர்ஸ்டேட் 480. அதாவது தேசிய வலைப்பின்னலின் ஒரு கண்ணி. அமெரிக்காவில் மூன்றிலக்க இன்டர்ஸ்டேட் எண்ணின் முதல் இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால், அந்தச் சாலை இரண்டு முனையிலும் ஒரு பெருஞ்சாலையைத் தொட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 480-இன் ஒரு முனை ஓக்லாந்திலிருந்து வரும் பே பாலத்தின் இறக்கம், இன்டர்ஸ்டேட் 80. மறுமுனை கோல்டன் கேட் பாலம். நகரத்தின் வடகிழக்குக் கரை முழுவதையும் சுற்றிக்கொண்டு இரண்டு பாலங்களையும் இணைப்பதுதான் திட்டம்.

இணைக்கவே இல்லை. பே பாலத்து இறக்கத்திலிருந்து பிரிந்து, வடக்கே திரும்பி, கரையோரத் தெருவின் மேல் இரண்டு அடுக்காக ஓடி, ஃபெர்ரி பில்டிங்கின் முகத்துக்கு நேர் குறுக்கே போய், பிராட்வே தெருவில் இறங்கியதோடு சரி. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அதற்கு மேல் நீளவிடாமல் மக்கள் தடுத்துவிட்டார்கள். கோல்டன் கேட் பக்கம் 1936-லேயே போடப்பட்டிருந்த டாய்ல் டிரைவ் மறுமுனையில் தனியாகக் காத்துக் கிடந்தது. இரண்டு முனைகளும் கடைசிவரை சந்திக்கவில்லை.

ஃபெர்ரி பில்டிங்கின் குறுக்கே என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. 1898-இல் திறந்த கட்டடம் அது. 1906-இன் பெரும் பூகம்பத்தையும் தீயையும் தாண்டி நின்ற 245 அடிக் கோபுரம். பாலங்கள் வருவதற்கு முன் வளைகுடாவைக் கடந்து வந்த அத்தனை பேரும் படகில் இறங்கி நகரத்துக்குள் நுழைந்த வாசல். மார்க்கெட் தெரு என்ற நகரத்தின் நடுமுதுகு நேராக அந்தக் கோபுரத்தில்தான் போய் முடிகிறது. அதன் முன்னே 1950களின் கடைசியில் இரண்டு மாடி கான்கிரீட்டை எழுப்பினார்கள். கோயில் தேர்முட்டியில், கோபுரத்தை மறைத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டினால் எப்படி இருக்கும்? அப்படி. பத்திரிகையாளர் ஹெர்ப் கேன் எரிச்சலில் அதற்கு 'டாம்பர்காடெரோ' என்று பட்டப்பெயரே வைத்தார்.

துறைமுகத்துக்காகக் கட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. 1934-இல் மேற்குக் கரையையே உலுக்கிய கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த தெரு இது. அந்த ஜூலையில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்த இடம், பாலம் எழுந்த இடத்துக்குப் பக்கம்தான். கொஞ்ச காலத்தில் சரக்கெல்லாம் பெட்டகத்துக்கு மாறி, பெட்டகமெல்லாம் எதிர்க்கரை ஓக்லாந்துக்குப் போய்விட்டது. மூட்டை தூக்கியவர்களின் தெரு அடங்கிக்கொண்டிருந்த காலத்தில், அதன் மேல் காரில் பறப்பவர்களுக்கு ஒரு கூரை போட்டார்கள்.

*

இப்போது அடுத்த சௌகரியக் கதை: "அமெரிக்காக்காரன் அப்ப கண்ணை மூடிட்டு ரோடு போட்டான், பின்னாடிதான் புத்தி வந்துச்சு." இல்லை. புத்தி அப்போதே இருந்தது.

1956-இல் வந்த கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம், இன்டர்ஸ்டேட் போடும் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறை மத்திய அரசே தரும் என்றது. இதைச் சொன்னதும் மாமா காபியைக் கீழே வைத்துவிட்டார். "தொண்ணூறு பைசா மேலேருந்து வந்தா எவன்யா வேண்டாம்பான்?"

சான் ஃபிரான்சிஸ்கோ வேண்டாம் என்றது. எம்பார்கடெரோ ஃப்ரீவே திறக்கப்பட்ட அதே 1959-இல், நகர மேற்பார்வையாளர் சபை, திட்டமிட்ட பத்து ஃப்ரீவேக்களில் ஏழை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அமெரிக்க வரலாற்றில் 'ஃப்ரீவே கிளர்ச்சி' என்று சொல்லப்படுவதன் தொடக்கம் இது. பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு, மனு எழுதி, சபை மன்றத்தில் உட்கார்ந்து வாதாடி வாங்கிய தீர்மானம். 1960களின் நடுவில் கோல்டன் கேட் பூங்காவின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகவிருந்த இன்னொரு சாலையையும் அதே சபை ஒற்றை ஓட்டு வித்தியாசத்தில் கொன்றது. பிறகு 480 தேசியப் பட்டியலிலிருந்து இறங்கி வெறும் மாநில நெடுஞ்சாலையானது. போக ஊர் இல்லாத சாலைக்கு இன்டர்ஸ்டேட் பட்டம் எதற்கு?

இந்தக் கிளர்ச்சியைப் படிக்கும்போது எனக்குப் புல்லரித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் புல்லரிப்போடு நின்றால் பாதிக் கதைதான் தெரியும். இதே 1950களில், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மேற்கு ஓக்லாந்தில், கறுப்பினத்தவர் குடியிருப்பின் நடுவே சைப்ரஸ் தெருவின் மேல் இதே மாதிரி இரண்டு மாடிப் பாலம் ஒன்று எழுந்தது. 1957-இல் திறந்தார்கள். குடியிருப்பு இரண்டாகப் பிளந்தது. அங்கேயும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் குரலைக் கேட்கும் சபை இல்லை. வீட்டுப் பத்திரமும் ஓட்டுப் பலமும் உள்ள பேட்டைகளால் 'வேண்டாம்' சொல்ல முடிந்தது. மற்றவர்களுக்கு அந்தச் சொல் வழங்கப்படவில்லை.

*

1989 அக்டோபர் 17. மாலை 5 மணி 4 நிமிடம். 6.9 அளவு. இறந்தவர்கள் 63 பேர். அதில் 42 பேர் ஒரே இடத்தில் இறந்தார்கள்: சைப்ரஸ் பாலத்தில்.

இதுதான் என்னை நிறுத்திய எண். "பாலம் விழுந்துடுச்சு" என்று ஃபெர்ரி பில்டிங் வாசலில் நின்று நாங்கள் சொல்லும் கதையில் விழுகிற பாலம் உண்மையில் சைப்ரஸ். வளைகுடாவின் குழைசேற்று மண் அதிர்ச்சியைப் பெருக்கியது. வளைந்து கொடுக்காத பழைய கான்கிரீட் தூண்கள் முறிந்தன. மேல்மாடி கீழ்மாடியில் இருந்தவர்கள் மேல் இறங்கியது. எம்பார்கடெரோ பாலம் விழவில்லை. அதுவும் இரண்டு மாடிதான், அதுவும் மண் கொட்டி நிரப்பிய கரையில் நின்றதுதான். தூண்கள் சேதமாயின, மூடினார்கள், அவ்வளவே. நாங்கள் 42 பேரின் சாவை அவர்கள் ஊரிலிருந்து எடுத்துவந்து எங்கள் அழகான கரைக்கு முன்கதையாக ஒட்டியிருக்கிறோம், அதுவும் ஆட்களை நீக்கிவிட்டு. இறந்தவர் இல்லாத பூகம்பம், இடித்தவர் இல்லாத பாலம்.

சேதமான எம்பார்கடெரோவை என்ன செய்வது? பழுது பார்த்து வலுப்படுத்தலாம், நிலத்தடியில் புதிதாகப் போடலாம், முழுவதையும் எடுத்துவிட்டுத் தரைமட்டச் சாலை போடலாம் என மூன்று வழிகள் மேசையில் இருந்தன. முதல் வழியை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கவில்லை. ஏனென்றால் மூன்றே வருஷம் முன்பு, 1986-இல், அப்போதைய மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் ஆதரித்த இடிப்புத் திட்டத்தை வாக்காளர்களே தோற்கடித்திருந்தார்கள். நாளொன்றுக்கு அறுபதாயிரம் வண்டிகளுக்கு மேல் போன பாதை அது. மக்களுக்கு அந்த அசிங்கம் பழகிவிட்டிருந்தது.

மேயர் ஆர்ட் ஆக்னோஸ் இடிப்பது என்று நின்றார். 1990-இல் சபை ஓட்டெடுத்தது. ஆறுக்கு ஐந்து. ஒரே ஒரு உறுப்பினர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் நான் இன்று மாமாவை ஒரு பாலத்தின் நிழலில் காபி குடிக்க வைத்திருப்பேன். 1991 பிப்ரவரியில் இடிப்பு தொடங்கியது. 480 என்ற எண்ணையும் மாநிலப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதே ஆண்டு நடந்த தேர்தலில் ஆக்னோஸையும் நீக்கினார்கள். தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. இந்த இடிப்பு அவற்றில் ஒன்று என்பதை யாரும் மறுப்பதில்லை.

மாமா தேடிய கையெழுத்து அதுதான். போட்டவர் பதவியைக் கொடுத்துப் போட்டார்.

*

அவரைத் தோற்கடிக்க உழைத்தவர்களில் முன்வரிசையில் நின்றது சைனாடவுன். நகர வடிவமைப்புப் பிரியர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அல்லது "வியாபாரிங்க, கார் பார்க்கிங் பத்தி மட்டும்தான் யோசிப்பாங்க" என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்குச் சண்டை இவர்களோடுதான்.

பிராட்வே இறக்கம் சைனாடவுனின் தலைவாசல். வளைகுடாப் பகுதி முழுக்கச் சிதறிப்போன சீனக் குடும்பங்கள் வாரக்கடைசியில் பாலம் தாண்டி வந்து, அந்த இறக்கத்தில் இறங்கி, ஸ்டாக்டன் தெருவில் காய்கறியும் மீனும் வாங்கி, பாட்டியைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஃப்ரீவே மூடிய மறுநாளிலிருந்து கடைகளில் கூட்டம் விழுந்தது. ரோஸ் பாக் என்ற பெண்மணி, முன்னாள் பத்திரிகையாளர், சீன வணிகர் சங்கத்தின் குரல், இடிப்பை எதிர்த்து வெளிப்படையாகப் போரிட்டார்.

அவர்களுடையது வெறும் வியாபார பயமா? 1882-இல் சீனர்கள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு இது. 1943 வரை அந்தச் சட்டம் இருந்தது. 1906-இல் பூகம்பமும் தீயும் சைனாடவுனைத் தரைமட்டமாக்கியபோது, நகரப் பெரியவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்த மக்களை நகரின் தென்கிழக்கு மூலையில் ஹன்டர்ஸ் பாயின்ட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கமிட்டி போட்டது. நகரத்தின் நடுவில் இருந்த அந்த மனை அவ்வளவு விலை மதிப்புள்ளது. சீன வணிகர்களும் சீன அரசின் தூதரகமும் சேர்ந்து எதிர்த்து, அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். 1977-இல் பக்கத்துக் கர்னி தெருவில் இன்டர்நேஷனல் ஹோட்டலில் தங்கியிருந்த ஃபிலிப்பைன், சீன முதியவர்களைப் போலீஸ் நள்ளிரவு கடந்து வெளியேற்றியது.

ஆகவே 'பூகம்பம் வந்திருக்கிறது, இதுதான் நல்ல சமயம், ஊரை அழகாக்கலாம்' என்று யாராவது சொன்னால் அந்தத் தெருவில் ஒருவர் என்ன நினைப்பார்? இதைக் குறுகிய புத்தி என்று சொல்பவருக்கு வரலாறு தெரியாது, அல்லது தெரிந்தும் வசதியாக மறந்திருக்கிறார்.

நான் அந்தப் பாலம் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இடித்தது சரி. நூறு தடவை சரி. எல்லாரும் பயந்த நிரந்தரப் போக்குவரத்து நெரிசல் வரவில்லை. வண்டிகள் வேறு தெருக்களில் பரவின, சில பேர் ரயிலுக்கு மாறினார்கள், சில பயணங்கள் நடக்கவே இல்லை. டிராம் வந்தது, பனைகள் வந்தன, 2003-இல் ஃபெர்ரி பில்டிங் சந்தையாக மறுபடி திறந்தது. சரியான காரியத்துக்கும் விலை உண்டு என்பதுதான் என் வாதம். இந்த விலையைக் கொடுத்தது யார், நில மதிப்பாக அறுவடை செய்தது யார் என்று பார்த்தால், இரண்டும் ஒரே ஆட்கள் இல்லை.

இங்கேதான் பூகம்பக் கதையின் ஆதாயம் தெரிகிறது. பூகம்பம் இடித்தது என்றால் யாருக்கும் யாரும் கடன்பட்டிருக்கவில்லை. இயற்கைக்கு எவனும் வட்டி கட்டுவதில்லை. மனிதர்கள் முடிவெடுத்து, ஆறுக்கு ஐந்து என்று ஓட்டுப் போட்டு இடித்தார்கள் என்றால், அந்த முடிவால் நஷ்டப்பட்டவர்களுக்கு நகரம் ஏதோ தர வேண்டியிருக்கிறது.

நகரம் தந்தது, கொஞ்சம் தாமதமாக. சைனாடவுனுக்கு ரயில் வேண்டும் என்று ரோஸ் பாக் விடாமல் கேட்டார். சென்ட்ரல் சப்வே என்ற சுரங்கப்பாதை ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவில் 2022-இல்தான் திறந்தது. பூகம்பத்துக்கு 33 வருஷம் கழித்து. ரோஸ் பாக் 2016-லேயே இறந்துபோயிருந்தார். ஸ்டாக்டன் தெருவில் இருக்கும் அந்த நிலையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், அதற்கும் ஒரு சண்டை போட்ட பிறகு. இரண்டு கிலோமீட்டர் சாலை போனதற்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான சுரங்கம் வர ஒரு தலைமுறை ஆனது. இடையில் மூடிய கடைகளை எந்த நிலையமும் திறந்துவிடாது.

மேற்கு ஓக்லாந்தும் சும்மா இருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே சைப்ரஸைத் திரும்பக் கட்ட மாநில அரசு நினைத்தபோது அந்த மக்கள் இந்த முறை விடவில்லை. போராடிப் பாதையை ரயில்வே யார்டு பக்கம் தள்ளினார்கள். புதிய சாலை 1997-இல் திறந்தது. பழைய பாலம் நின்ற இடத்தில் இன்று மரங்கள் நடுவில் ஓடும் தெருவுக்கு மண்டேலா பார்க்வே என்று பெயர். எங்கள் சுற்றுலா வழித்தடத்தில் அந்தத் தெரு இல்லை. ஃபெர்ரி பில்டிங்கிலிருந்து ரயிலில் ஒரு நிலையம் தூரம்தான்.

*

மாமா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், மறுபடி ஃபெர்ரி பில்டிங் போனோம். எதிரே உள்ள சதுக்கத்தில் வையான்கூர் என்ற கியூபெக் சிற்பி 1971-இல் செய்த நீரூற்று இருந்தது. பெரிய பெரிய கான்கிரீட் குழாய்கள் முறுக்கிக்கொண்டு கிடப்பதுபோல ஒரு வடிவம். பின்னால் ஓடும் ஃப்ரீவேயை மனதில் வைத்துச் செய்தது அது. ஃப்ரீவே போனபிறகு, கூடப் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போனதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பவர் மாதிரி நின்றது. அந்தச் சாலை இங்கே இருந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய சாட்சி அந்தச் சதுக்கத்தில் இருக்கவில்லை.

மாமா அதைக் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பிராட்வே வரை நடந்து, ஸ்டாக்டன் தெருவுக்கு ஏறினோம். அங்கே ஒரு பேக்கரியில் முட்டை டார்ட் வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். கல்லாவில் இருந்த அம்மாவுக்கு அறுபது, அறுபத்தைந்து வயசிருக்கும். மாமா என்னிடம், "பாலம் போனப்ப வியாபாரம் எப்படி இருந்துச்சுன்னு இந்தம்மாகிட்ட கேளு" என்றார்.

கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நிறைய பேர் பூகம்பத்தைப் பத்திக் கேட்பாங்க" என்றார் ஆங்கிலத்தில். "கடையைப் பத்தி யாரும் கேட்டதில்ல."

பின்னால் வரிசை நின்றது. அவர் அடுத்தவருக்குப் பெட்டி கட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.